ஒரு பட்டை கூடப் போடணுமா?

பின்பக்கம் உட்கார்ந்துபோன காரைக் கொண்டுவருகிறவர்கள், பாவூர்சத்திரத்தில், சாவியைக் கையில் கொடுக்கும் முன்பே வைத்தியத்தையும் சொல்லிவிடுவார்கள். "அண்ணாச்சி, ஒரு பட்டை கூடப் போட்டு விட்டுருங்க." நான் இன்னும் வண்டிக்கு அடியில் குனிந்துகூடப் பார்த்திருக்க மாட்டேன். உடைந்தது ஸ்பிரிங் பட்டையா, நைந்தது புஷ்ஷா, துரு தின்றது பாடியையா, ஒன்றும் தெரியாது. அவர்களுக்கு அதெல்லாம் வேண்டாம். தாழ்ந்தது உயர வேண்டும், அவ்வளவுதான்.

கேட்கிறவர்களைக் குறை சொல்லவும் முடியாது. இது லோடு ஏற்றிப் பழகிய ஊர். சுற்றுவட்டாரக் காய்கறி இங்கே சந்தையில் இறங்கி, இங்கிருந்து செங்கோட்டை, புளியரை வழியாக மலையாளத்துப் பக்கம் போகிறது. அந்த லாரிகளுக்குப் பட்டை கழற்றுவதும் சேர்ப்பதும் அன்றாட வேலை. நானும் தொழில் படித்தது லாரிப் பட்டையில்தான். அங்கே பார்த்ததைத்தான் காருக்கும் கேட்கிறார்கள். லாரி பாதி நாள் நிறை லோடில் ஓடுகிறது. கார் அப்படியில்லை, பெரும்பாலும் ஓட்டுகிறவரும் இன்னொருவரும் மட்டும் உட்கார்ந்து போகிற வண்டி. இதைச் சொல்லிச் சொல்லி எனக்குத் தொண்டை வற்றிவிட்டது. அதனால் ஒரு வண்டியை வைத்து எழுதியே விடுகிறேன்.

வண்டி அம்பாசடர், மார்க் 4. கீழப்பாவூர் பக்கத்துக் குடும்பம் ஒன்றினுடையது. தாத்தா வாங்கியதைப் பேரன் ஓட்ட ஆசைப்பட்டார். அமெரிக்காவில் கொஞ்ச காலம் வேலை பார்த்துவிட்டுத் திரும்பியவர். அங்கே பழைய கார்களைப் பளபளவென்று வைத்துக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை வெளியே எடுக்கிறவர்களைப் பார்த்திருக்கிறார். "அண்ணாச்சி, இது நம்ம ஊரு மஸ்டாங்" என்றார். எனக்குச் சிரிப்பு வந்தது. 1964-ல் வந்த மஸ்டாங்கில் எட்டு சிலிண்டர் எஞ்சினும் உண்டு. இந்த மார்க் 4-இல் இருப்பது 1489 சிசி பெட்ரோல், ஐம்பது சொச்சம் குதிரைசக்தி. இரண்டுக்கும் ஏணி வைத்தாலும் எட்டாது.

ஆனால் பின்பக்கம் குனிந்து பார்த்தால் அந்தத் தம்பி சொன்னதை முழுசாகத் தள்ளவும் முடியாது. அந்தக் கால மஸ்டாங், 1967 மாடல் கமரோ, டாட்ஜ் சார்ஜர் எல்லாவற்றுக்கும் பின்னால் ஒரே கட்டை ஆக்ஸில், இரண்டு பக்கமும் பட்டை ஸ்பிரிங். அம்பாசடரிலும் அதே அமைப்புதான். இங்கிலாந்தின் மாரிஸ் ஆக்ஸ்போர்டு மூன்றாம் சீரிஸைத்தான் ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் கல்கத்தாவை அடுத்த உத்தர்பாராவில் அம்பாசடர் என்று செய்தது. 1958 தொடங்கி 2014 மே மாதம் தொழிற்சாலை நிற்கும்வரை எஞ்சின் மாறியது, கியர் மாறியது, முகப்பு கிரில் மாறியது. பின்பட்டை மட்டும் மாறவேயில்லை. முன்னால் டார்ஷன் பார், பின்னால் பட்டை. கடைசி வண்டிக்கும் அதுதான்.

பட்டை புது விஷயமும் அல்ல. லண்டனில் ஒபதையா எலியட் என்ற வண்டி செய்கிறவர் 1804-ல் குதிரை வண்டிக்கு இப்படி அடுக்குப் பட்டையை வைத்துக் காப்புரிமை வாங்கினார். எங்கள் பக்கத்துப் பண்ணை வீடுகளில் நின்ற வில்வண்டிக்கும் அடியில் அதுதான் இருந்தது. மாட்டு வண்டியில் அது சுமையை மட்டும் தாங்கினால் போதும். காரில் வேலை கூடிவிட்டது.

அந்தக் கூடுதல் வேலை இன்னதென்று தெரியாததால்தான் "ஒரு பட்டை கூடப் போடு" என்கிறார்கள். எஞ்சின் சக்கரத்தைச் சுழற்றுகிறது. சக்கரம் தரையைப் பின்னே தள்ளுகிறது, ஆக்ஸில் முன்னே போகிறது. அந்த ஆக்ஸில் வண்டியின் உடம்பை எதனால் தள்ளுகிறது? அம்பாசடரில் அதற்கென்று தனிக் கம்பி கிடையாது. பட்டையின் முன்பாதிதான் தள்ளுகிறது. பிரேக் போட்டால் அதே முன்பாதிதான் இழுத்து நிறுத்துகிறது. ஆக்ஸில் இடம் வலம் நகராமல் பிடிப்பதும் பட்டை. முடுக்கினால் ஆக்ஸில் முறுக்கிக்கொள்ளப் பார்க்கும், அந்த முறுக்கையும் பட்டையே வாங்கிக்கொள்ள வேண்டும். 1967 கமரோவுக்குக் கம்பெனிக்காரர்கள் ஒரே ஒரு பட்டைதான் வைத்தார்கள். பெரிய எஞ்சின் போட்ட வண்டியை முடுக்கினால் பட்டை எஸ் வடிவத்தில் முறுகிப் பின்சக்கரம் துள்ளியது. மறு வருஷமே ஒரு ஷாக்கை ஆக்ஸிலுக்கு முன்னாலும் மற்றதைப் பின்னாலும் மாற்றி வைத்தார்கள், வேகம் கூடிய மாடல்களுக்குப் பட்டையையும் பல அடுக்காக்கினார்கள். பட்டையைக் கூட்டுவது குறைப்பது எல்லாம் கணக்குப் போட்டுச் செய்கிற வேலை என்று சொல்லத்தான் இந்தக் கதை.

தம்பி வண்டிக்கு வருவோம். சமதரையில் நிறுத்தி, இரண்டு பக்கமும் சக்கர மையத்திலிருந்து மட்கார்டு விளிம்பு வரை நாடா பிடித்தேன். வலப்பக்கம் நன்றாகத் தாழ்ந்திருந்தது. ஓட்டுகிறவர் எப்போதும் உட்காரும் பக்கம் அது, வலப்பக்கம் கொஞ்சம் சரிவது பழைய வண்டிகளில் சகஜம். இது கொஞ்சம் இல்லை. முட்டு ரப்பரில் ஆக்ஸில் இடித்து இடித்துக் கருத்த தடம் இருந்தது. டயரின் உள்தோளை மட்கார்டு உரசியிருந்தது. பின்னால் தாழ்ந்தால் முன்னால் தூக்கும், ஹெட்லைட் வெளிச்சம் எதிரே வருகிறவர் கண்ணில் அடிக்கும். ராத்திரியில் எல்லாரும் டிம் அடிக்கச் சொல்லி லைட் போட்டுக் காட்டுகிறார்கள் என்று தம்பி குறைப்பட்டதற்குக் காரணம் அங்கே கிடந்தது. அவர் பல்பை மாற்றிப் பார்த்திருக்கிறார்.

கம்பி பிரஷ் போட்டுச் சேற்றைச் சுரண்டினேன். குற்றாலச் சாரலில் நனைந்து, செம்மண் ஏறி, அது காய்ந்து, மறுபடி நனைந்த சேறு. பட்டைகளுக்கு நடுவே சிமெண்ட் மாதிரிப் பிடித்திருந்தது. உதிர்ந்த பிறகு பார்த்தால் அடியில் ஒரு பட்டை மற்றவற்றோடு சேராமல் தடியாக இருந்தது. லாரிப் பட்டையை வெட்டி யாரோ எப்போதோ சேர்த்திருக்கிறார்கள். எந்த ஊர், எந்தப் பட்டறை என்று குடும்பத்தில் யாருக்கும் நினைவில்லை. தாத்தா காலத்தில் காய்கறி மூட்டை ஏற்றவும் குற்றால சீசனுக்கு ஆள் அடைத்துக்கொண்டு போகவும் கேட்டு வாங்கிய பட்டையாக இருக்கும்.

"கூடுதல் பட்டை இருந்துமா அண்ணாச்சி தாழ்ந்துட்டு?" என்றார் தம்பி.

இருந்ததால்தான் தாழ்ந்தது. தடிப் பட்டை சேர்ந்ததும் பட்டைக் கட்டின் மொத்த உயரம் கூடிவிட்டது. ஆக்ஸிலோடு கட்டைப் பிடிக்கும் யூ போல்ட்டை மட்டும் பழையதையே போட்டிருந்தார்கள். நட்டுக்குப் போதுமான மரை கிடைக்கவில்லை, பாதி நட்டு மரையில், பாதி நட்டு வெளியே. ஓட ஓட இளகியிருக்கிறது. யூ போல்ட் இறுக்கமாக இருக்கும்வரை கட்டின் நடுப்பகுதி அசையாது, வளைவதெல்லாம் பிடிக்கு வெளியேதான். அது இளகினால் நடுவும் வளையத் தொடங்கும். நடுவில்தான் சென்டர் போல்ட்டுக்கான ஓட்டை இருக்கிறது. பட்டையில் ஆகப் பலவீனமான இடம் அது. வலப்பக்கக் கட்டில் மெயின் பட்டைக்கு அடுத்தது அந்த ஓட்டையில் இரண்டாகக் கிடந்தது. பிறகு கழற்றி எடுத்து முறிவு முகத்தைப் பார்த்தபோது பாதி கருந்துரு, பாதி வெள்ளைப் பொடிமணி. கருத்த பாதி மாதக்கணக்காக மெல்ல மெல்ல விரிந்தது, வெளுத்த பாதி ஏதோ ஒரு குழியில் ஒரே அடியாகப் போனது.

இன்னொன்றும் பார்க்க வேண்டியிருந்தது. அம்பாசடருக்குத் தனி சேசிஸ் கிடையாது, பாடியே சேசிஸ். பட்டையின் முன்முனையைத் தாங்கும் பிராக்கெட் தரைத் தகட்டோடு சேர்ந்த இடத்தில் திருப்புளியை வைத்துக் குத்தினேன். வலப்பக்கம் ஓரிடத்தில் உள்ளே போய்விட்டது. தடிப் பட்டை வளைந்து கொடுக்காததால், அது வாங்க வேண்டிய உதையெல்லாம் அந்தத் தகட்டுக்குப் போயிருக்கிறது. துரு மிச்ச வேலையைப் பார்த்துக்கொண்டது. இங்கே டிங்கர் வேலை முடியாமல் புதுப் பட்டை மாட்டுவது வீண் என்று சொல்லிவிட்டேன். புதுப் பட்டைக்குக் காசு கொடுப்பவர்கள் தகடு ஒட்டக் கொடுக்க யோசிப்பார்கள். தம்பி யோசிக்கவில்லை, அதற்கு அவரை மெச்ச வேண்டும்.

கழற்றுவதைப் பற்றி நாலு வார்த்தை. இந்த வேலையில் பாதி கழற்றுவதுதான். எல்லா நட்டிலும் டீசலும் பழைய எஞ்சின் ஆயிலும் கலந்து ஊற்றி ஊறவிட வேண்டும். அவசரப்படுகிறவனுக்குப் போல்ட் முறியும். ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கடியில் படுக்கக் கூடாது. பாடியின் கனமான இடம் பார்த்து ஸ்டாண்டோ நல்ல மரக்கட்டையோ முட்டுக் கொடுத்து, முன்சக்கரங்களுக்கு அணை வைத்து, ஆக்ஸிலுக்குத் தனியாக இன்னொரு ஜாக்கி. செங்கல்லை முட்டாக வைக்கிறவர்களை என் பட்டறைக்குள் விடுவதில்லை. செங்கல் விரிசல் காட்டாமலே பொடியாகும்.

ஷாக்கைக் கீழே கழற்றியதும் ஆக்ஸில் தொங்கப் பார்க்கும். பிரேக் ஹோஸில் அது தொங்கக் கூடாது, ஹேண்ட் பிரேக் கேபிளும் இழுபடக் கூடாது. யூ போல்ட்டைக் கழற்ற மெனக்கெட வேண்டாம், ஹேக்சா போட்டு அறுத்து எறியலாம். ஒருமுறை இறுக்கி ஓடிய யூ போல்ட் நீண்டிருக்கும், மறுபடி போட்டால் பிடிக்காது. அதைச் சேமிக்கிறேன் என்று இரண்டு மணி நேரம் போராடும் பையன்களைப் பார்த்தால் எனக்குக் கோபம் வரும். உண்மையான போராட்டம் முன்முனை போல்ட்டில். அது புஷ்ஷின் இரும்புக் குழலுக்குள் துருப்பிடித்து ஒரே இரும்பாகியிருக்கும். கேஸ் வைத்துச் சூடாக்கினால் ரப்பர் எரிந்து வரும் நாற்றம் துணியில் நாள்பட இருக்கும். பெட்ரோல் டேங்க் கிட்டத்தில் இருப்பதை மறந்து கேஸைப் பற்றவைக்கக் கூடாது. டேங்கை இறக்கி வெளியே வைத்த பிறகுதான் நான் தீயைத் தொட விடுவேன்.

கட்டைப் பிரிப்பது அதைவிட ஆபத்து. பட்டைகள் ஒன்றுக்கொன்று வேறு வளைவில் செய்யப்பட்டவை, சென்டர் போல்ட் அவற்றை அமுக்கி ஒன்றாகப் பிடித்திருக்கிறது. வைஸில் இறுக்கிப் பிடிக்காமல் சென்டர் போல்ட்டை அறுத்தால் கட்டு வெடித்துப் பிரியும். லாரிப் பட்டறையில் அப்படிக் கை நசுங்கியவர்களை எனக்குத் தெரியும்.

பட்டை பிரிந்து தரையில் கிடந்தபோது தம்பியின் பெரியப்பா வந்தார். பெரியவர், வண்டி வாங்கிய நாளிலிருந்து அதைப் பார்க்கிறவர்.

"புதுசு எதுக்குங்கேன். உடைஞ்ச ஒண்ண மட்டும் மாத்திட்டு, மத்ததைக் கொல்லம்பட்டறையில குடுத்து வளைச்சு வாங்கிரலாம்லா? எங்க காலத்துல அப்படித்தான்."

"வளைச்சுரலாம் பெரியப்பா. நிக்காது" என்றேன்.

அவரை உட்கார வைத்து விளக்க வேண்டியிருந்தது. பட்டை சுமையில் நிமிரும்போது அதன் மேல்முகம் இழுபடுகிறது, கீழ்முகம் அமுங்குகிறது. விரிசல் எப்போதும் இழுபடும் முகத்தில்தான் பிறக்கும். அதனால் தொழிற்சாலையில் பட்டையைச் சூடாக்கி, எண்ணெயில் குளிரவைத்து, மறுபடி மிதமாகச் சுட்டுப் பதப்படுத்தியதும், மேல்முகத்தில் சின்னச் சின்ன இரும்புக் குண்டுகளை வேகமாகப் பொழியவிடுவார்கள். அந்த அடியில் மேல்தோல் இறுகிக்கொள்ளும், விரிசல் எளிதில் வாய் திறக்காது. பிறகு கட்டை ஒருமுறை ஓட்டத்தில் வருவதைவிட அதிகமாக அமுக்கி விடுவார்கள். உட்கார வேண்டியதெல்லாம் அங்கேயே உட்கார்ந்துவிடும், அப்புறம் வண்டியில் உட்காராது.

கொல்லர் குழிந்த கல்லின் மேல் பட்டையை வைத்து உள்பக்கமாகச் சம்மட்டியால் தட்டி வளைக்கும்போது நடப்பது இதற்கு நேர் எதிர். வளைவு வரும், ஆனால் மேல்தோலில் இழுவிசை தங்கிவிடும். சுமை ஏறியதும் அந்த இழுவையோடு இதுவும் சேரும். சில மாதத்தில் பழையபடி உட்காரும், அல்லது முறியும். உலையில் வைத்து வளைத்தால் இன்னும் மோசம். திறந்த கரியடுப்பில் மேல்தோலின் கரிச்சத்து எரிந்து போகும், பதமும் போகும். பார்க்கப் புதுசு போல் நீலம் பாய்ந்து அழகாக இருக்கும். கொல்லருடைய கைத்திறனை நான் குறைத்துச் சொல்லவில்லை, அவரிடம் இல்லாதது எண்ணெய்த் தொட்டியும் வெப்பமானியும்தான்.

பெரியப்பா கேட்டுக்கொண்டார். ஒத்துக்கொண்டாரா என்பது வேறு. "செலவு பண்ணணும்னே ஒரு கூட்டம் இருக்கு" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அம்பாசடர் பட்டை கிடைக்குமா என்று எல்லாரும் கேட்கிறார்கள். கார் நின்றாலும் சாமான் நிற்கவில்லை. சென்னை ஜி.பி. ரோட்டில் கேட்டால் எடுத்துத் தருவார்கள், கல்கத்தாவில் அம்பாசடர் டாக்ஸி வெகுநாள் ஓடியதால் அந்தப் பக்கத்துச் சரக்கும் வருகிறது. புதுப்பேட்டையில் பழையது கிடைக்கும், ஆனால் பட்டையும் பிரேக்கும் பழையதில் வாங்குவதில்லை என்று எனக்கு ஒரு விதி உண்டு. கதவு, கைப்பிடி, பம்பர் எதை வேண்டுமானாலும் வாங்குங்கள். எத்தனை குழியில் இறங்கி ஏறியது என்று பட்டையின் முகத்தில் எழுதியிருக்காது.

இரண்டு பக்கமும் சேர்த்துத்தான் மாற்ற வேண்டும். ஒரு பக்கம் புதுசு, ஒரு பக்கம் பழசு என்றால் வண்டி கோணும். பார்சல் ஆபீசிலிருந்து வந்ததும் இரண்டு கட்டையும் தரையில் பக்கம் பக்கமாக வைத்தேன். முனை வளையத்திலிருந்து முனை வளையத்துக்கு நூல் கட்டி, நடுவில் நூலுக்கும் பட்டைக்கும் உள்ள இடைவெளியை அளந்து பார்த்தேன். இரண்டிலும் ஒன்றாக வந்தது. சென்டர் போல்ட்டிலிருந்து முன்முனைக்கும் பின்முனைக்கும் உள்ள தூரத்தையும் பழையதோடு ஒத்துப் பார்க்க வேண்டும். முன்பின் மாறிப் போட்டால் ஆக்ஸில் இடம் மாறிப்போகும், பிராபல்லர் ஷாப்ட் கோணும். கடையில் பெயர் சொல்லி வாங்குகிறவர்கள் இதைப் பார்ப்பதில்லை. இதற்கு நாடாவும் நூலும் பத்து நிமிஷமும் போதும்.

பட்டைகளுக்கு நடுவே கிராபைட் கிரீஸ் தடவுவதா வேண்டாமா என்று மெக்கானிக்குகளுக்குள் தீராத வழக்கு ஒன்று உண்டு. சீட்டுக்கட்டை வளைத்தால் சீட்டு ஒன்றின்மேல் ஒன்று வழுக்குகிறதல்லவா, பட்டையும் அப்படி வழுக்கித்தான் வளைகிறது. அந்த உராய்வுதான் பட்டையின் சொந்த ஷாக் அப்சார்பர் என்பது ஒரு கட்சி, உராய்வு கூடினால் சின்னக் குழிகளுக்கு அது அசையாது, முதுகில் இடிக்கும் என்பது மறுகட்சி. சாரல் அடிக்கும் ஊரில் நான் இரண்டாம் கட்சி. மெல்லிசாகத் தடவினால் சத்தம் வராது, தண்ணீரும் இடுக்கில் தங்காது.

மாட்டும்போது முக்கியமான இடம் ஒன்று. அதில்தான் நிறையப் பட்டறைகள் வழுக்குகின்றன. முன்முனைப் போல்ட்டையும் பின்னாலிருக்கும் ஷாக்கிளையும் போட்டதும் ஸ்பானரில் பைப்பைச் சொருகிக் கடைசிவரை இறுக்கிவிடுகிறார்கள். வண்டி அப்போது முட்டுக்கட்டையில் நிற்கிறது. பட்டை தொங்குகிறது, சுமை இல்லை. ரப்பர் புஷ் உருளுவதில்லை, முறுக்கிக் கொடுத்துத் திரும்புவது. இறுக்கிய நிலைதான் அதற்கு ஓய்வு நிலை. தொங்கும்போது இறுக்கினால், வண்டியைத் தரையில் இறக்கியதும் ரப்பர் முறுக்கிக்கொண்டு நிற்கும். நிறுத்தி வைத்த வண்டியிலும் அது முறுகியே கிடக்கும். முதல் நாள் வண்டி கொஞ்சம் உயரமாகத் தெரியும், வாடிக்கையாளருக்குச் சந்தோஷம். சில மாதத்தில் ரப்பர் கிழிந்து கடகட என்று வந்து நிற்பார். "நீங்க போட்ட பட்டை சரியில்ல" என்பார். பட்டைமேல் தப்பில்லை.

அதனால் இரண்டு முனையிலும் நட்டைக் கையால் திருகி விட்டுவிட்டு, சென்டர் போல்ட்டின் தலை ஆக்ஸிலில் உள்ள குழியில் சரியாக உட்கார்ந்ததா என்று விரலால் தடவிப் பார்க்க வேண்டும். குழியில் உட்காராமல் விளிம்பில் ஏறி நின்றாலும் யூ போல்ட் இறுகத்தான் செய்யும், ஓடும்போது ஆக்ஸில் நகர்ந்து வண்டி ஒரு பக்கமாகச் சாய்ந்து ஓடும். புது யூ போல்ட்டுகளை எதிரெதிர் மூலையாக, கொஞ்சம் கொஞ்சமாக, நான்கு கால்களிலும் வெளியே தெரியும் மரை ஒரே அளவு இருக்கும்படி இறுக்கினேன். சக்கரம் மாட்டி, வண்டியைத் தரையில் இறக்கி, பையன்களை டிக்கியில் உட்காரவைத்து நன்றாகக் குலுக்கச் சொன்னேன். பட்டை தன் இடத்துக்கு வந்தது. அதற்குப் பிறகுதான் கீழே படுத்து முன்முனையையும் ஷாக்கிளையும் கடைசி இறுக்கு இறுக்கியது. வண்டி தரையில் நிற்கும்போது கீழே இடம் குறுகல், ஸ்பானர் கால் சுற்றுதான் திரும்பும், முகத்தில் மண் கொட்டும். அதற்குச் சோம்பித்தான் தொங்கும்போதே இறுக்குகிறார்கள், வேறு காரணம் எதுவும் இல்லை.

ஓட்டிப் பார்க்கப் போனோம். இப்போது திருநெல்வேலி - தென்காசி சாலை நாலுவழியாகிவிட்டது. வழவழவென்று கிடக்கும் அந்தச் சாலையில் எந்தப் பட்டையும் தன் குணத்தைக் காட்டாது. அதனால் தென்காசி தாண்டி, குற்றாலத்து வழியில் திரும்பி, பிரானூர் பார்டர், செங்கோட்டை, புளியரை வரை போய் எஸ் வளைவில் ஏற்றி இறக்கினோம். தம்பி ஓட்டினார். பின்சீட்டில் நானும் என் பையன்கள் இருவரும். வளைவில் வண்டி சாய்ந்தது, அம்பாசடர் சாயத்தான் செய்யும், ஆனால் சாய்ந்தது மெல்ல, நிமிர்ந்ததும் மெல்ல. கேரள லாரி ஒன்றுக்கு ஒதுங்கச் சாலையை விட்டு இறங்கியபோது பின்பக்கம் ஒரே ஒரு முறை அமுங்கி எழுந்தது. முட்டு ரப்பரில் இடிக்கவில்லை.

2013-ல் பிபிசியின் டாப் கியர் நிகழ்ச்சியில் பல நாட்டு டாக்ஸிகளை ஓடவிட்டு அம்பாசடருக்குத்தான் முதலிடம் கொடுத்தார்கள். அதைத் தம்பி போகிற வழியெல்லாம் சொல்லிக்கொண்டே வந்தார். அடுத்த வருஷமே தொழிற்சாலை நின்றுபோனதை நான் சொல்லவில்லை, அவருக்கும் தெரிந்திருக்கும்.

திரும்பி வந்து நாடா பிடித்தபோது இரண்டு பக்கமும் சரியாக வந்தது. ஹெட்லைட்டைச் சுவரில் அடித்துப் பார்த்துத் திருத்தினேன். ஐந்நூறு கிலோமீட்டர் ஓடிய பிறகு யூ போல்ட் நட்டுகளை இன்னொரு முறை இறுக்க வர வேண்டும் என்று சொல்லி அனுப்பினேன். புது யூ போல்ட் கட்டோடு படிந்து கொஞ்சம் இளகும், இந்த ஒரு இறுக்கைத் தவறவிட்டால் மறுபடி நடு ஓட்டையில் முறியும் கதைதான். பெரும்பாலானவர்கள் வருவதில்லை. வண்டி நன்றாகத்தானே ஓடுகிறது, எதற்கு வர வேண்டும் என்று இருந்துவிடுவார்கள். தம்பி வந்தார். பக்கத்துக்கு அரைச் சுற்று இறுக்கம் கொடுத்தது. வந்தவர் தயங்கித் தயங்கிக் கேட்டார்:

"அண்ணாச்சி, பெரியப்பா சொல்லுதாவ, சீசனுக்கு எல்லாரும் ஏறுவோம்லா, ஒரு பட்டை மட்டும் கூட..."

"சீசனுக்குப் பெரியப்பாவ பஸ்சுல வரச் சொல்லுங்க தம்பி."

பழைய பட்டைகளை நான் ஆக்கர் கடைக்குப் போடுவதில்லை. கொல்லருக்குத்தான். எங்கள் பக்கத்து அரிவாள், வெட்டுக்கத்தி, கோடாரி எல்லாம் பட்டை இரும்பில் அடிப்பவை. பதம் தெரிந்தவர் கையில் அந்த இரும்புக்கு இன்னொரு தலைமுறை ஆயுசு உண்டு. கொல்லர் வந்து ஒவ்வொன்றாகச் சுண்டிப் பார்த்து எடுத்து வைத்தார். அந்தத் தடி லாரிப் பட்டையைப் பார்த்ததும் முகம் மலர்ந்துவிட்டது, "இது ஒண்ணுலயே நாலு அரிவாள் எடுக்கலாம்" என்றார். உடைந்த பட்டையை எடுத்தபோது மட்டும் நடு ஓட்டைக்கு இரண்டு பக்கமும் சாக்பீஸால் கோடு போட்டார்.

"இந்தத் துண்ட எடையில சேக்காதிய அண்ணாச்சி. ஓட்டை இருக்க இடம் எனக்கு வேண்டாம்."

"அடிச்சா ஓட்டை மூடாதா?"

"மூடும். விரிசல் மூடாதுல்லா."

அந்தத் துண்டுகளைக் கழித்துத்தான் எடை போட்டோம். தடிப் பட்டைக்கு மட்டும் கிலோவுக்கு இரண்டு ரூபாய் கூடக் கேட்டு வாங்கினேன்.